பெண்புலியின் இடக்கண்ணில் படரும் பழுப்புத் திட்டு: காத்திருக்கலாமா, கண்ணை எடுத்துவிடலாமா?

வனமருந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னிந்தியாவில் உள்ள ஓர் உயிரியல் பூங்காவில் கால்நடை மருத்துவராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மாடு, ஆடு, நாய், பூனை ஆகியவற்றின் கண்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒரு பெண்புலியின் கண்ணைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு இப்போது வந்திருக்கிறது. பெரும்பூனைகளோடு நெடுநாள் பணியாற்றியவர்கள் இக்குழுவில் இருப்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவளுக்கு 13 வயது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சென்ற ஆவணியில், மாலை இறைச்சி கொடுக்கும் வேளையில், அவளது இடக்கண்ணில் ஏதோ தூசி ஒட்டியிருப்பதைப் போலத் தெரிகிறது என்று காப்பாளர்தான் முதலில் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தோம்; அது தூசி அன்று. கண்பாவையைச் சுற்றியுள்ள பொன்மஞ்சள் ஐரிஸில், கடிகாரத்தில் 7 மணி இருக்கும் திசையில், ஒரு துளி டிக்காஷன் சிந்திக் காய்ந்ததைப் போன்ற பழுப்புப் புள்ளி இருந்தது. அப்போது அது கடுகளவுதான். கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை, இரையைப் பாய்ந்து எடுப்பதிலும் குறை எதுவும் தெரியவில்லை. வயதானதால் வந்த மச்சமாக இருக்கலாம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, மாதம் ஒருமுறை பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

எட்டு மாதங்கள் கழித்து, இன்று அது ஐரிஸின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூடியிருக்கிறது. ஓரங்கள் தெளிவாக இல்லை. மஞ்சளுக்குள் ஊறிப் பரவியதைப் போல இருக்கின்றன. முதலில் வழுவழுப்பாக இருந்த இடம் இப்போது வெல்வெட் துணியைப் போல் சற்றுத் தடித்துத் தெரிகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. வெயிலில் அவள் வெளியே வரும்போது வலக்கண்ணின் பாவை நல்ல வட்டமாகச் சுருங்குகிறது. இடக்கண்ணின் பாவையோ அந்தத் திட்டு இருக்கும் பக்கத்தில் சுருங்காமல், முட்டை வடிவில் நின்றுவிடுகிறது. கடந்த பத்து நாட்களாக அவள் அந்தக் கண்ணைச் சற்றே இடுக்கிக்கொள்வதாகவும் காப்பாளர் சொல்கிறார்.

அலுவலகத்தில் இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. வயதான விலங்குக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம், இருக்கும்வரை இருக்கட்டும் என்பது ஒன்று. கண்ணை எடுத்துவிட்டால் பார்வையாளர்கள் பார்த்து வருந்துவார்கள், புகார் எழுதுவார்கள் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கருத்தை நான் மருத்துவக் காரணமாக ஏற்கவில்லை. ஆனால் முதல் கருத்துக்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. இது புற்றுநோய்க் கட்டிதானா என்பதைக் கண்ணை எடுக்காமலே உறுதி செய்ய வழி உண்டா? எடுப்பதென்றால் எந்தக் கட்டத்தில் எடுப்பது சரி? ஒற்றைக் கண்ணோடு ஒரு புலி நிம்மதியாக வாழுமா?

மலைநாட்டு மருத்துவன் எழுதியது:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். 26 ஆண்டுகள் காட்டு விலங்கு மருத்துவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பதிவில் திட்டின் அளவைப் பற்றி நீங்கள் எழுதியதைக் காட்டிலும், பாவையின் வட்டம் குலைந்துவிட்டது என்று எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டுப் பூனைகளின் கண்ணுக்குள்ளேயே தோன்றும் கட்டிகளில் முதலிடம், ஐரிஸில் பரவலாகப் படரும் மெலனோமாவுக்குத்தான்; அதாவது நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுக்கு. மனிதருக்குக் கண்ணுக்குள் மெலனோமா வந்தால், பெரும்பாலும் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தநாளப் படலத்தில்தான் வரும்; பூனை இனத்திலோ அது முன்பக்கம், நாம் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய ஐரிஸிலேயே தொடங்குகிறது. இது நமக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பு. பெரும்பூனைகளில் கண் கட்டிகள் தனித்தனி நோயாளிகளின் வரலாறுகளாகவே பதிவாகியிருக்கின்றன. நூற்றுக்கணக்கில் வைத்து ஒப்பிட்ட ஆய்வைக் கொண்டு நான் பேசவில்லை. ஆகவே வீட்டுப் பூனையில் கற்றதைப் புலிக்குப் பொருத்தித்தான் நாம் முடிவெடுக்கிறோம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஐரிஸில் நிறம் கூடுவது எல்லாமே புற்றுநோய் அன்று. மேற்பரப்பில் மட்டும் நிறமிச் செல்கள் பெருகி, தட்டையாக, பல ஆண்டுகள் ஒரு தீங்கும் செய்யாமல் கிடக்கும் நிலையும் உண்டு. அது மெதுவாக மெலனோமாவாக மாறவும் கூடும். எந்த நாளில் மாறியது என்று வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது என்பதுதான் இந்த நோயின் பெரிய இடர்ப்பாடு. சீக்கிரம் எடுத்தால், தீங்கற்ற மச்சத்துக்காக நன்றாகப் பார்க்கும் கண்ணைப் பறித்தவர்களாகலாம். தாமதித்தால், கண்ணோடு போக வேண்டியது கல்லீரலுக்கும் நுரையீரலுக்கும் போய்விடலாம். அவ்வாறு பரவியது தெரிய ஓரிரு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், எடுத்த ஆறு மாதத்தில் விலங்கு நன்றாக இருக்கிறது என்று நாம் நிம்மதி அடைந்துவிடவும் முடியாது.

ஆயினும் கையில் பிடித்துக்கொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. தட்டையாக இருந்தது தடிப்பது, மேற்பரப்பு வெல்வெட்டைப் போல் ஆவது, பாவை வடிவம் மாறுவது, நிறமித் துகள்கள் உதிர்ந்து கண்ணுக்குள் இருக்கும் நீரில் மிதப்பது, கண்ணின் உள் அழுத்தம் ஏறுவது ஆகியவை தோன்றிவிட்டால் காத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். ஐரிஸின் தசைக்குள் செல்கள் புகுந்தால்தான் பாவை ஒரு பக்கம் சுருங்க மறுக்கும். பெரும்பூனைகளின் பாவை வீட்டுப் பூனையைப் போலச் செங்குத்துக் கோடாக ஒடுங்காமல் வட்டமாகவே சுருங்குவதால், இந்தக் கோணல் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. கட்டி ஐரிஸோடு நின்றிருக்கும்போதே கண் எடுக்கப்பட்ட வீட்டுப் பூனைகள், நோயில்லாத பூனைகள் வாழ்ந்த அளவுக்கே வாழ்ந்திருக்கின்றன. ஐரிஸின் பின்னால் உள்ள சிலியரிப் பகுதிக்கும், கண்ணுக்குள் இருக்கும் நீர் வடியும் கோணத்துக்கும், அதை ஒட்டிய சிரைகளுக்கும் கட்டி புகுந்த பிறகு எடுத்தவற்றின் ஆயுள் குறைந்திருக்கிறது. அந்தக் கோணம் அடைபட்டால் கண் நீர் வடிய வழியின்றி அழுத்தம் ஏறும். அது கடுமையான வலி. புலி அதைச் சொல்லாது. கண்ணை இடுக்குவதும், நிழலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதுமே அதன் புலம்பல்.

ஐரிஸில் ஊசி போட்டுச் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். ரத்தம் கசியும், எடுத்த துணுக்கு தீங்கற்ற ஓரத்திலிருந்து வந்திருந்தால் தவறான நிம்மதியும் கிடைக்கும். இந்த நோயில் முழுக் கண்தான் பரிசோதனைக்கான மாதிரி. சிறு திட்டுகளை லேசரால் சுடுவோரும் உண்டு. ஆனால் அதற்கு மீண்டும் மீண்டும் மயக்கம் கொடுக்க வேண்டும், நுண்ணோக்கியில் பார்க்கத் திசுவும் கிடைக்காது. 13 வயதுப் புலிக்கு அதை நான் செய்யமாட்டேன்.

ஆகவே ஒரே மயக்கத்தில் பரிசோதனை, தேவைப்பட்டால் அறுவை என்று இரண்டுக்கும் சேர்த்து உங்கள் பூங்காவின் நலவாழ்வு ஆலோசனைக் குழுவிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பார்த்துவிட்டு, எழுப்பிவிட்டு, கூட்டம் போட்டு, மறுபடி படுக்கவைப்பது முதிய விலங்குக்கு நாம் செய்யும் கொடுமை. ஊசி போடும் அன்று நீங்கள் நினைவில் கொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். புலிகளுக்கு டைலெட்டமின், சோலாசெபம் சேர்ந்த மயக்க மருந்தைத் தவிர்ப்பது நெடுநாள் வழக்கம். பிறகு நரம்புக் கோளாறுகள் வந்ததாகப் பதிவுகள் இருப்பதே காரணம். மெடிட்டோமிடினோ சைலசினோ கீட்டமினோடு சேர்த்துக் கொடுப்பதே பழகிய வழி. மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி ஐசோஃபுளூரேன் மயக்க வாயுவில் நிலைநிறுத்தலாம். இந்த மருந்துகளால் பூனை இனம் வாந்தி எடுப்பது வழக்கம். வாந்தி எடுக்கும்போது கண்ணின் அழுத்தமும் ஏறும். எனவே அளவுகளைத் தனியாகப் படிக்காமல், இரண்டு கண்களையும் அடுத்தடுத்து அளந்து ஒப்பிடுங்கள். வீட்டுப் பூனையில் 25 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டினாலே ஐயப்படுகிறோம். கீட்டமினில் கண் திறந்தே இருக்கும் என்பதால், அளந்து முடித்த கையோடு நல்ல கண்ணில் களிம்பு தடவி மூடிவையுங்கள். பூனைக் கண்ணின் வடிகோணத்தைத் தனி லென்ஸ் இல்லாமலேயே பக்கவாட்டிலிருந்து ஓரளவு பார்க்கலாம். தலையைத் திருப்பி, விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், அங்கே கருமை இருக்கிறதா என்று தெரியும். நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் அறுவைக்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

அறுவையில் ஒரே ஓர் எச்சரிக்கை. பூனைகளுக்குப் பார்வை நரம்பு நீளம் குறைவு. விழிக்கோளத்தை இழுத்துப் பிடித்தால், இரு நரம்புகளும் சேரும் இடம் வரை இழுபட்டு, நல்ல கண்ணும் குருடாகிவிடலாம். வெட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று இழுக்கவே கூடாது. இழுத்தால் இதயத் துடிப்பும் சட்டென இறங்கும்; அப்படி இறங்கினால் கையை விட்டுவிட்டுக் காத்திருங்கள். விழிக்குப் பின்னால் மரப்பு மருந்து போட்டுக்கொண்டால் வலிக்கும் துடிப்புக்கும் நல்லது. தையல் எல்லாம் தோலுக்கு அடியில், கரையும் நூலில் இருக்கட்டும். புலியின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிட்டு வீட்டுக்குப் போக முடியாதல்லவா.

கூண்டுச்சாவி எழுதியது:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் மருத்துவம் படித்தவன் அல்லன். 31 ஆண்டுகள் காப்பாளராக இருந்து, புலி, சிறுத்தை, சிங்கம் மூன்றையும் பார்த்தவன். ஒற்றைக் கண்ணோடு நிம்மதியாக வாழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல முடியும்.

என் பொறுப்பில் ஓர் ஆண் சிறுத்தை இருந்தான். கிணற்றில் விழுந்து மீட்கப்பட்டபோதே ஒரு கண் உடைந்திருந்தது, எடுத்துவிட்டார்கள். முதல் இரண்டு வாரம் அவன் மேடை ஏறுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. பலகையின் ஓரத்தைத் தவறவிட்டு இரண்டு முறை மார்பு அடிபட்டான். மூன்றாவது வாரத்தில், தாவுவதற்கு முன் ஒரு முன்னங்காலை நீட்டிப் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தாவினான். அதன் பிறகு தலையை இடமும் வலமும் லேசாக அசைத்துத் தூரத்தை அளந்துகொண்டு ஏறப் பழகிக்கொண்டான். நாங்கள் செய்ததெல்லாம் மேடைக்குக் கீழே ஒரு மரக்கட்டையைப் படியாக வைத்ததும், கூண்டுக்குள் எந்தப் பொருளையும் இடம் மாற்றாமல் இருந்ததும்தான். அவன் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் இருந்தான். பூனைக்கு மீசையும் காதும் மூக்கும் இருக்கின்றன. கண் ஒன்று போனதற்காக அது உட்கார்ந்து துக்கம் கொண்டாடுவதில்லை. வலியோடு ஒரு கண் இருப்பதுதான் அதைச் சோறு தின்னவிடாமல் செய்யும்.

காப்பாளர்கள் பழக வேண்டியது ஒன்று உண்டு. கண் இல்லாத பக்கத்திலிருந்து குரல் கொடுக்காமல் வரக்கூடாது. என் சிறுத்தை என் மேல் சீறியது இரண்டே முறைதான். இரண்டு முறையும் தவறு என்னுடையது. சத்தமில்லாமல் அந்தப் பக்கமாகத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போனேன். வரும்போதே அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் போதும். சாவிக்கொத்தின் ஓசையைக்கூட அது அடையாளம் வைத்துக்கொள்ளும்.

அறுவைக்கு இன்னும் நாள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். கம்பி ஓரத்தில், ஒரே இடத்தில், குச்சி நுனியைப் பார்த்து உட்காரப் பழக்கி, தினமும் ஒரே நேரத்தில், டார்ச்சை ஒரே பக்கத்திலிருந்து பிடித்து, இரண்டு கண்களையும் போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். பெரிதாகிவிட்டதா, அப்படியே இருக்கிறதா என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லும்போது, அந்தப் படங்கள்தான் அதிகாரிகளிடம் பேசும். எங்கள் பூங்காவில் ஒரு சிங்கத்தின் கண்ணில் இப்படி ஒரு கறை வந்தபோது படம் எடுத்து வைக்கவில்லை. அப்படியேதான் இருக்கிறது என்று ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டே இருந்தோம். கண் வீங்கிப் பால்போல் வெளுத்த பிறகுதான் அது அப்படியே இருக்கவில்லை என்று புரிந்தது. அந்தச் சிங்கத்தின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஞாயிறுப் பயணி எழுதியது:

நடுவில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பார்வையாளன் மட்டுமே. குழந்தைகளோடு வண்டலூருக்கு அடிக்கடி போகிறவன். வெள்ளைப் புலிகளில் சிலவற்றுக்கு மாறுகண் இருக்கும் என்று படித்திருக்கிறேன். அதுவும் உள்ளே கட்டி இருப்பதால் வருவதா?

நுண்ணோக்கி எழுதியது:

ஞாயிறுப் பயணி அவர்களுக்கு: அது கட்டியால் வருவதன்று. வெள்ளைப் புலியின் நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் 2013இல் கண்டறியப்பட்டது. நிறமி குறையும்போது, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழைகளில் வழக்கத்தை விட அதிகமானவை எதிர்ப்பக்கம் போய்ச் சேருகின்றன. மாறுகண்ணுக்கு அதுவே அடிப்படை. 1951இல் முன்னாள் ரேவா சமஸ்தானத்துக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண் புலியின் வழிவந்தவையே இன்றைய காட்சிச்சாலை வெள்ளைப் புலிகளில் பல என்பதால், நெருங்கிய உறவுக்குள் நடந்த இனப்பெருக்கமும் அதில் சேர்ந்துகொள்கிறது. பிறவியிலேயே இருக்கும் மாறுகண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. நேராக இருந்த கண் திடீரென ஒதுங்கினாலோ முன்னே பிதுங்கினாலோதான் விழிக்குப் பின்னால் கட்டி இருக்குமோ என்று தேட வேண்டும்.

இனி டாக்டர் வனமருந்து அவர்களுக்கு. நான் கால்நடை நோய்க்குறியியல் துறையில் திசுக்களைப் படிப்பவள். மூத்தவர் அறுவையைப் பற்றிச் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. கண் வெளியே வந்த பிறகு நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வழக்குகள் கெடுவது அங்கேதான்.

விழிக்கோளத்தை நீங்கள் வெட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆவல் எல்லோருக்கும் வரும். ஆனால் வெட்டியவுடன் லென்ஸ் நழுவும், விழித்திரை சுருண்டுவிடும், கட்டி எங்கே தொடங்கி எதுவரை போனது என்ற வரைபடமே அழிந்துவிடும். சுற்றியுள்ள தசையையும் கொழுப்பையும் மட்டும் நீக்கி, பார்வை நரம்பின் அடிக்கட்டையை விட்டுவையுங்கள். அதன் வெட்டு முனையில் ஒரு தையல் நூலைக் கட்டிவிட்டால் எனக்கு அடையாளம் தெரியும். 10 சதவீத ஃபார்மலினில், கண்ணின் பருமனைப் போல் பத்து மடங்கு திரவத்தில் போடுங்கள். புலியின் கண் பெரியது, மருந்து உள்ளே ஊற நேரம் எடுக்கும். இரண்டு நாளாவது ஊறவிட்டு அனுப்புங்கள். ஐஸ் பெட்டியில் உறையவைத்து அனுப்புகிறார்கள் சிலர். உறைந்த கண்ணில் செல்கள் எல்லாம் வெடித்துச் சிதைந்திருக்கும், நான் ஒன்றும் சொல்ல முடியாது. கண்ணின் மேற்புறம் எது, மூக்குப் பக்கம் எது என்று ஒரு படம் வரைந்து கூடவே வையுங்கள்.

பழைய மருத்துவப் பதிவேடுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கண்ணில் எப்போதாவது நகம் கீறியதா, முள் குத்தியதா, சண்டையில் அடிபட்டதா? பூனைகளில் மெலனோமாவுக்கு அடுத்தபடி முக்கியமான கண் கட்டி, காயத்துக்குப் பின் வரும் சார்க்கோமா என்ற புற்று. லென்ஸின் உறை கிழிந்த கண்ணில், பல ஆண்டுகள் எதுவும் நடக்காமல் இருந்துவிட்டு, லென்ஸின் செல்களே புற்றாக மாறி விழியின் உட்சுவர் முழுவதும் படர்ந்து, பார்வை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கிப் போகும். காயப்பட்டுச் சுருங்கிப்போன குருட்டுக் கண் பூனைக்கு இருந்தால், வலி இல்லாவிட்டாலும் எடுத்துவிடுவது நல்லது என்று சொல்லப்படுவது இதனால்தான். காட்சிச்சாலைகளில் அப்படிப்பட்ட கண்களை, தொந்தரவு தரவில்லையே என்று விட்டுவைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்கள் புலியின் திட்டு பழுப்பு நிறத்தில் ஐரிஸில் தொடங்கியிருப்பதால் நான் மெலனோமாவையே முதலில் நினைக்கிறேன். ஆனால் வெளுத்த அல்லது இளஞ்சிவப்புப் பருமனாக இருந்திருந்தால் சார்க்கோமாவையும், நிணநீர்ச் செல்களின் புற்றான லிம்ஃபோமாவையும் சேர்த்து நினைத்திருப்பேன். லிம்ஃபோமா என்றால் அது பெரும்பாலும் உடல் முழுவதற்குமான நோய். கண்ணை மட்டும் எடுத்து முடிவதில்லை. பனிச்சிறுத்தைகளில் பாப்பிலோமா வைரஸோடு தொடர்புடைய செதிற்செல் புற்று வருவது உண்டு என்பதால், அவற்றில் இமையோரத்தில் ஆறாத புண்ணோ மருவோ தெரிந்தால் கட்டாயம் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அங்கே துணுக்கு எடுப்பது எளிது, பயனும் உண்டு.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில், விலங்குகளின் கண்களை மட்டுமே படிக்கும் ஓர் ஆய்வகம் 1983 முதல் இயங்குகிறது. ரிச்சர்ட் டூபில்சிக் தொடங்கியது. பூனைக் கண் கட்டிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அங்கே சேர்ந்த கண்களிலிருந்து வந்தது. அங்கே அனுப்பலாமே என்று உங்களிடம் யாரேனும் சொல்லக்கூடும். புலி, அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் CITES உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கும் உயிரினம். அதன் திசுவை நாட்டுக்கு வெளியே அனுப்ப முறையான அனுமதிகள் வேண்டும், அவை கைக்கு வரும் வரை உங்கள் புலி காத்திருக்க முடியாது. அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையே போதும். கருமை மிகுந்த மெலனோமாவில் நிறமியே செல்லை மறைத்துவிடும் என்பதால், நிறமியை வெளுக்கச் செய்து ஒரு கண்ணாடித் தகடு படிக்கும்படி மட்டும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். நீர் வடியும் கோணமும், சிலியரிப் பகுதியும், நரம்பின் வெட்டு முனையும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கட்டி இருக்கிறது என்று மட்டும் எழுதி வரும் அறிக்கையால் உங்களுக்குப் பயனில்லை.

வனமருந்து எழுதியது (ஏழு வாரங்கள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுவது என் கடமை.

கூண்டுச்சாவி ஐயா சொன்னபடி பதினெட்டு நாட்கள் படம் எடுத்தோம். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆலோசனைக் குழுவிடம் காட்டியபோது, காத்திருக்கலாம் என்றவர்களே பேசாமல் கையெழுத்திட்டார்கள். அந்தப் பதினெட்டு நாளிலேயே பாவையின் கீழ் விளிம்பு மெலிதாகக் கறுத்து, வெளிப்புறமாக மடிந்திருந்தது. அதை நேரில் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நான் கவனிக்கவே இல்லை, படத்தில்தான் தெரிந்தது.

முந்தின நாள் இரவு உணவை நிறுத்தி, விடியற்காலை குளிர்ச்சியிலேயே ஊசி போட்டோம். அழுத்தம் வலக்கண்ணில் 17, இடக்கண்ணில் 38. மூன்று முறை அளந்தும் பெரிய வேறுபாடு இல்லை. பக்கவாட்டில் விளக்குப் பிடித்துப் பார்த்தபோது கோணத்தின் கீழ்ப்பாதி முழுவதும் கருமையாக இருந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயிலும் வயிற்று ஸ்கேனிலும் எதுவும் தென்படவில்லை. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, கண்ணை எடுத்துவிட்டோம். விழிக்கோளத்தைச் சற்றே உயர்த்தியபோது துடிப்பு 70இலிருந்து 40க்கு இறங்கியது. கையை விட்டு ஒரு நிமிடம் காத்திருந்தோம், திரும்பி ஏறியது. மூத்தவரின் எச்சரிக்கையைப் படிக்காமல் இருந்திருந்தால் அந்த ஒரு நிமிடம் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. எழுப்பும் மருந்து போட்ட பின், நல்ல கண் தொடர்கிறதா என்று பார்க்கக் காப்பாளர் கம்பிக்கு வெளியே வெள்ளைத் துணியை மெல்ல அசைத்தார். அவள் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அதைப் பார்த்தாள். அங்கே நின்றிருந்த எல்லோருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அறிக்கை சென்ற வாரம் வந்தது. ஐரிஸில் பரவிய மெலனோமா. வடிகோணம் பாதிக்கப்பட்டிருக்கிறது, சிலியரிப் பகுதியின் அடியிலும் செல்கள் இருக்கின்றன. நரம்பின் வெட்டு முனை சுத்தமாக இருக்கிறது. இரண்டு மாதம் முன்னதாகச் செய்திருந்தால் ஐரிஸோடு நின்றிருக்குமோ என்ற எண்ணம் என்னை விடவில்லை. சென்ற ஆவணியில் மச்சம் என்று பதிவேட்டில் எழுதியது நான்தான். அன்றே படம் எடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

மலைநாட்டு மருத்துவன் எழுதியது:

சகோதரி, 38 அழுத்தத்தோடு இருந்த கண்ணின் வலி அன்றோடு தீர்ந்தது. அதை முதலில் கணக்கில் வையுங்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேவுக்காக மயக்கம் கொடுப்பதா என்று கேட்பீர்கள். நான் எடையை வாரந்தோறும் பார்ப்பேன். வாலை வெளியே நீட்டி ரத்தம் கொடுக்கப் பழக்குவேன், கல்லீரல் அளவுகளை அதில் தொடர்வேன். எடை இறங்கினாலோ மூச்சு மாறினாலோ அப்போது மயக்கம் கொடுப்பேன், இல்லாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

வனமருந்து எழுதியது:

அப்படியே செய்கிறோம் ஐயா. வால் பயிற்சி திங்கட்கிழமை தொடங்கியது. எடைத் தராசைக் கதவின் வழியிலேயே பதித்துவிட்டோம். இறைச்சிக் குச்சியை இப்போது வலப்பக்கமாகவே நீட்டுகிறோம். அவள் முகத்தை முழுவதும் திருப்பி, மீசையால் குச்சியைத் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறாள். வலக்கண்ணுக்குத் தனிக் கோப்பு திறந்து, இன்று காலை முதல் படத்தை எடுத்துத் தேதியிட்டு வைத்தார் காப்பாளர்.